வரிக்குதிரை வராத படம்

இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மன்றச் செயலாளர் என்னிடம் கேட்டபோது, "பௌதிகம் மட்டும் வேண்டாம், ஒருவரும் படிக்க மாட்டார்கள்" என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தே விதித்தார். ஆகவே ஒரு சினிமாவைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் பௌதிகம் நுழைந்துவிட்டால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் பெயர் 'ஐஸ் ஸ்டேஷன் ஸீப்ரா'. ஹாலிவுட்டில் மெட்ரோ கோல்ட்வின் மேயர் கம்பெனியாரின் வெளியீடு, ஆண்டு 1968. ஜான் ஸ்டர்ஜஸ் டைரக்ட் செய்தார். கதை, அலிஸ்டர் மக்லீன் 1963-இல் எழுதிய நாவலைத் தழுவியது. நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராக ராக் ஹட்ஸன் வருகிறார். இவையெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்ட விவரங்கள். எனக்கு அது முதலில் என் தாத்தாவின் படம்.

தாத்தா மதுரையில் ஒரு சினிமாக் கொட்டகையில் உதவி ஆபரேட்டராக இருந்தவர். 1970 வாக்கில் அந்தப் படம் அவருடைய கொட்டகைக்கு வந்தபோது அவருக்கு 24 வயது. ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் பயனில்லை, இரண்டு புரொஜக்டர்கள் இரையும் சத்தத்தில் எந்த மொழியும் காதில் விழாது. அத்துடன் உதவி ஆபரேட்டருக்குப் படம் பார்ப்பதா வேலை? ஒரு ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போதே முந்தின ரீலைத் திருப்பிச் சுற்றி வைக்க வேண்டும், கார்பன் குச்சியைக் கவனிக்க வேண்டும். இடையிடையே சுவரிலுள்ள சின்னச் சதுர ஓட்டை வழியாக எட்டிப் பார்த்ததுதான் அவர் கண்ட படம். தினம் மூன்று காட்சி வீதம் இரண்டு வாரம் அப்படித் துண்டு துண்டாகப் பார்த்து, துண்டுகளைத் தாமே ஒட்டி, ஒரு முழுக் கதையாக்கி வைத்துக்கொண்டார்.

'ஸீப்ரா' என்றால் வரிக்குதிரை என்று மானேஜர் சொன்னாராம். செய்தி ஊரில் பரவி, வரிக்குதிரையைப் பார்க்கவென்றே கிராமங்களிலிருந்து சிலர் வந்துவிட்டார்கள். படம் முடிந்தும் வரிக்குதிரை வராததால் டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேட்டு ஒருவர் தகராறு செய்தார் என்று தாத்தா சொல்லுவார். (அந்த ஸீப்ரா, இஸட் என்ற எழுத்தைக் கம்பியில்லாத் தந்தியில் தெளிவாகச் சொல்ல ஒரு காலத்தில் வழங்கிய சொல். அதை அந்தக் கிராமத்து அன்பரிடம் விளக்கியிருந்தால் அடியே விழுந்திருக்கும்.)

2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு நண்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். எனக்குப் பத்து வயது. இரவு மின்சாரம் போனதும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். வேர்த்துக் கொட்டும் அந்த இருட்டில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு தாத்தா வடதுருவத்துக் கதையைச் சொல்லுவார். மேலே பாறைபோல் பனிக்கட்டி. கீழே கன்னங்கரேலென்று கடல். நடுவே திமிங்கிலம் போல ஒரு கப்பல். பனிக்கட்டியை முட்டி உடைக்க முடியாமல் கப்பல் திரும்பத் திரும்பத் தவிக்கும். பிறகு டார்ப்பிடோ வைத்துப் பிளக்கலாம் என்று குழாயின் கதவைத் திறப்பார்கள். ஏற்கெனவே எவனோ ஒரு துரோகி வெளிக் கதவையும் திறந்து வைத்திருக்கிறான்! தண்ணீர் பாய்ந்து வரும். கப்பல் மூக்குக் குப்புற அடி ஆழத்துக்கு இறங்கும். இந்த இடத்தில் தாத்தா என் கையைப் பிடித்துக் கீழ்நோக்கிச் சாய்ப்பார். எனக்கு உண்மையிலேயே குளிரும்.

கடைசிக் கட்டம் அவர் கதையில் இப்படி: பனிக்காட்டில் ஒரு பெட்டி கிடக்கிறது. அதற்காக அமெரிக்கர் ஒரு பக்கமும் ருஷ்யர் ஒரு பக்கமும் துப்பாக்கி தூக்கி நிற்கிறார்கள். "சனியன் புடிச்ச பெட்டிடா அது. ஒரு பலூன்ல கட்டி மேலே அனுப்பி, டமால்னு வெடிக்க விட்டுட்டாங்க. அப்புறம் என்ன சண்டை? ரெண்டு பேரும் ராசியாயி, அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க."

ஒரே ஒரு குறைதான் அவருக்கு. "அம்புட்டுக் குளிருல ஒருத்தன் மூச்சும் புகையலையேடா! நான் கொடைக்கானல் போனப்பவே வாயைத் திறந்தா புகை வந்துச்சு. இவனுக வடதுருவத்துல நிக்கிறானுக, புகையவே காணோம். செட்டுப் போட்டு எடுத்துருக்கானுக." ஆங்கிலம் தெரியாத ஓர் உதவி ஆபரேட்டர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக் கண்டுபிடித்த குற்றம் இது. வடதுருவக் காட்சிகளை ஸ்டூடியோவுக்குள்ளேதான் படமாக்கினார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நான் படிக்கும்போது ஒரு நாள் கேட்டார்: "மேலே பாறை கணக்கா உறைஞ்சு கெடக்கு, கீழே கப்பல் ஓடுது. ஒரே கடல்தானே, கீழ்த்தண்ணி ஏன் உறையலை?" பனிக்கட்டி நீரைவிட லேசானது, மிதந்து போர்வைபோல் மூடிக்கொள்வதால் அடியிலுள்ள வெப்பம் எளிதில் வெளியேறாது என்று பாடப் புத்தகத்திலிருந்து ஒப்பித்தேன். கடல் நீர் உப்பானது, சுழிக்குக் கீழே ஏறக்குறைய 1.8 டிகிரிக்குப் போனால்தான் உறையும் என்பது அப்போது எனக்கே தெரியாது. பௌதிகம் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில்தான் முளைத்தது என்று நினைக்கிறேன். வீட்டில் மற்றவர்கள் பாங்க் பரீட்சை எழுதச் சொன்னார்கள்.

டில்லிக்கு வந்த முதல் ஜனவரியில், ஒரு காலை நேரம், விடுதி வாசலில் நின்று நண்பனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். புகை வந்தது. பனிமூட்டமான வெளிச்சத்தில் என் மூச்சை நானே முதல் முறையாகப் பார்த்தேன். உடலுக்குள்ளிருந்து வரும் ஈரக் காற்று குளிர்ந்த காற்றோடு கலந்ததும் தாங்க முடியாத நீராவி துளியாகிவிடுகிறது, அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அன்று காலை எனக்குத் தாத்தாவின் ஞாபகம் வந்து தொண்டையை அடைத்தது. அன்றிரவே அந்தப் படத்தைத் தேடி எடுத்து மடிக்கணினியில் போட்டேன். அறைத் தோழன் பஞ்சாபி, அவனும் உட்கார்ந்தான்.

இரண்டரை மணி நேரப் படம். நடுவில் இடைவேளைகூட உண்டு. பாதிப் படம் வரை கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. பெண் வாடையே இல்லை. தோழன் ஒரு மணி நேரத்தில் குறட்டை விட்டான். எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. மொட்டை மாடியில் பார்த்த படம் இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. ஆனால் டார்ப்பிடோக் கட்டம் வந்தபோது என் கை தானாகவே சாய்ந்தது.

முடிவில்தான் வந்தது வினை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது படச்சுருள். ருஷ்யச் செயற்கைக் கோள் ஒன்று வழி தவறி, இரு நாட்டாரின் ஏவுகணைத் தளங்களையும் படமெடுத்துவிடுகிறது. அந்தச் சுருளுக்காகத்தான் அத்தனை பொய், துரோகம், கொலை. கடைசியில் எவருக்கும் கிடைக்காமல் வெடித்துச் சிதறுகிறது. இரு தரப்பும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்புகின்றன. உலகத்துக்கு மட்டும், கிழக்கும் மேற்கும் ஒத்துழைத்துப் பனியில் தவித்தவர்களைக் காப்பாற்றின என்று ஒரு பொய்ச் செய்தி தந்தி இயந்திரத்தில் அச்சாகிறது.

மறுநாள் காலையிலேயே தாத்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். கண்டுபிடிப்பு ஒன்றை அறிவிக்கும் உற்சாகம் எனக்கு. "நீங்க சொன்னது தப்பு தாத்தா. அவங்க ராசியாகவே இல்லை. அது வெறும் பொய்ச் சேதி. பெட்டிக்குள்ளே இருந்தது பிலிம்" என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

"பிலிமா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பிலிமையா வெடிக்க விட்டாங்க?" என்றார் மறுபடியும். பிறகு, "சரிப்பா. நீ படிச்ச புள்ள. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, மெஸ்ஸில் சோறு போடுகிறார்களா, சப்பாத்திதானா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது சித்தப்பாவின் மகள் என்னிடம் புகார் செய்தாள். ஏழு வயதுக் குழந்தை. "தாத்தா கப்பல் கதை சொல்ல மாட்டேங்கிறாரு அண்ணா. கேட்டா, அது எனக்குச் சரியாத் தெரியாது, உங்கண்ணன் வந்தா கேளுங்கிறாரு." நான் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். செயற்கைக் கோள், ஒற்றன், ஏவுகணை என்று சரியான வரிசையில்தான் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் எழுந்து போய்விட்டாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதற்கென்று கேட்பது? நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லையே! அந்த விடுமுறை முழுவதும் இப்படியே கழிந்தது.

இரண்டாம் ஆண்டில் ஆய்வுக்குத் தலைப்புக் கொடுக்கும் வேளை வந்தது. கடற்பனியின் கனத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர். இந்தியாவுக்கும் வடதுருவப் பகுதியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்வால்பார்ட் தீவுகளில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்ற தீவில் நியூ ஆலஸுண்ட் என்னும் சிற்றூரில், 2008 ஜூலை முதல் தேதி திறக்கப்பட்ட 'ஹிமாத்ரி'. வேலையைத் தொடங்கிய சில நாட்களில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1959 ஏப்ரலில் அமெரிக்கர் அனுப்பிய 'டிஸ்கவரர் 2' என்ற செயற்கைக் கோளின் பெட்டகம், தவறான நேரத்தில் பிரிந்து, அதே ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் பனியில் விழுந்தது. தேடினார்கள், கிடைக்கவேயில்லை. ருஷ்யர் கொண்டுபோனார்களோ என்ற சந்தேகம் நின்றுவிட்டது. ஆக, தாத்தாவின் பெட்டி முழுக் கற்பனையும் அல்ல!

அது போகட்டும். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. 1958 ஆகஸ்டு 3-ஆம் தேதி 'நாட்டிலஸ்' என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் பனிக்கு அடியிலேயே வடதுருவத்தைக் கடந்தது. அதன் பிறகு அந்த வழியில் போன கப்பல்கள் பல. தலை இடிக்காமல் போகவேண்டுமே, அதனால் மேல்நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு பனியின் அடிப்பகுதி எவ்வளவு தூரத்திலிருக்கிறது என்று அளந்துகொண்டே போவார்கள். கப்பல் இருக்கும் ஆழம் தெரியும். அதில் இந்தத் தூரத்தைக் கழித்தால், பனி நீருக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது கிடைத்துவிடும். யுத்தத்துக்காக எடுத்த கணக்கு. இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்த ரகசியம். பூட்டுத் திறந்தது 1990-களில்தான். 1999-இல் ராத்ராக், யூ, மேக்கட் என்ற மூவர் பழைய கணக்கையும் புதிய கணக்கையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள்: 1958 முதல் 1976 வரையிலான பயணங்களில் சராசரி 3.1 மீட்டர் இறங்கியிருந்த பனி, 1990-களில் 1.8 மீட்டர்தான். வடதுருவப் பனி மெலிந்து வருகிறது என்பதற்குக் கிடைத்த பெரிய சாட்சியங்களில் ஒன்று இது.

ஸோவியத் தரப்பிலும் சும்மா இருக்கவில்லை. மிதக்கும் பனிப்பாளங்களின் மேலேயே முகாம் அமைத்து, 1937-இல் ஒரு முறையும், பிறகு 1954 முதல் 1991 வரை இடைவிடாமலும், கடலின் சூட்டையும் உப்பையும் அளந்து குறித்து வைத்திருந்தார்கள். படத்தில் வரும் ஸீப்ரா நிலையத்தைப் போன்றவைதாம் அவை. 1962-இல் அப்படி ருஷ்யர் கைவிட்ட ஒரு நிலையத்தில் இரண்டு அமெரிக்கர் பாராசூட்டில் குதித்து வேவு பார்த்ததும், அவர்களைப் பலூன் கட்டிய கயிற்றோடு விமானம் வந்து தூக்கிப்போனதும் நடந்த கதை. இவ்வளவு பகையாக இருந்த இரு தரப்பாரும் தங்கள் தங்கள் இரும்புப் பெட்டிகளைத் திறந்து, இருவர் அளந்ததையும் ஒன்றாகக் கலந்து, வடதுருவக் கடலின் தேசப் படம் ஒன்றைச் சேர்ந்து வெளியிட்டார்கள். குளிர்காலத்துக்கு 1997-இல் ஒன்று. கோடைக்கு 1998-இல் ஒன்று.

நூலகத்தில் இதைப் படித்தபோது இரவு ஒன்பது மணி. தொலைபேசியை எடுத்தேன், திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன். முன்பு தொலைபேசியில் செய்த காரியம் போதும், இதை நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

டிசம்பரில் போனேன். போன அன்று மாலையே திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கப்பல், எதிரொலி, பூட்டு, தேசப் படம் எல்லாம். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து கேட்டார். "கடைசியிலே ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்க தாத்தா. முப்பது வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்."

"இந்த ரீல் நமக்கு வரவே இல்லையே!" என்றார். பிறகு, "ஐஸ் மெலிஞ்சிருச்சுன்னியே, எம்புட்டு?" என்று கேட்டார். திண்ணைத் தரையிலிருந்து உத்திரம் வரை காட்டி, அது பாதியளவாய்க் குறைந்ததுபோல் என் இடுப்புக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன். அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார்.

அன்றிரவு மின்சாரம் போகவில்லை. ஆனாலும் மொட்டை மாடிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கப்பல் கிளம்பியது. வெளிக் கதவு திறந்தது. குழந்தையின் கை கீழே சாய்ந்தது. பெட்டிக்குள் இப்போது பிலிம் இருந்தது. ஆனால் அதை வெடிக்க விடவில்லை. "பிலிமை எவனாச்சும் கொளுத்துவானா? பத்திரமா ரெண்டு பேரும் பெட்டியிலே பூட்டி வச்சாங்க. அப்புறம் ஒரு நாள் ரெண்டு பெட்டியையும் தொறந்து..."

எனக்கு ஏதோ சொல்ல வாய் வந்தது. பேசாமல் இருந்துவிட்டேன். முடிக்கும்போது, மூச்சுப் புகையாத குறையை வழக்கம்போல் சொன்னார். "இவங்கிட்ட கேளு, டில்லியிலேயே புகையுதாம்" என்று என்னைக் காட்டினார். "எங்கே அண்ணா, ஊதிக் காட்டு" என்றாள் குழந்தை. ஊதினேன். மதுரையில் எங்கே புகைகிறது!