பூட்டில்லாத வீடும் பூட்ட மறந்த வீடும்

சாமை அறுவடை முடிந்திருந்த ஒரு கார்த்திகை மாதத்தில், பழைய நண்பரான உபதேசியார் ஒருவரின் அழைப்பை ஏற்று, ஜவ்வாது மலையில் மூன்று நாள் தங்கியிருந்தோம். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்து. அங்கிருந்து அவருடைய சிற்றூருக்கு நடை. மலையில் நம்மை முதலில் வியக்க வைத்தது குளிர்காற்றன்று, வீட்டுக் கதவுகளே. களத்தில் தானியம் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டார் காட்டு வேலைக்குச் சென்றிருப்பர். கதவோ வெறுமனே சாத்தியிருக்கும். பூட்டைக் காண்பதே அரிதாயிருந்தது.

“யார் வீட்டில் என்ன இருக்கிறதென்று ஊருக்கே தெரியும், ஐயா. பிறகு யாருக்குப் பயந்து பூட்டுவது?” என்று உபதேசியார் சிரித்தார்.

நாமோ நகரவாசி. வேலூரில் நம் வீட்டுக்கு இரண்டு பூட்டுகள். அவை போதாவென்று வாசலில் ஒன்றும் கூடத்தில் ஒன்றுமாகக் கண்காணிப்புக் கேமராக்கள். இரண்டாம் நாள் மாலை, கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறைமேல் ஏறி, சற்றுப் பெருமையோடு நம் வீட்டுக் கூடத்தை நண்பருக்குத் திரையில் காட்டினோம். நாற்காலியில் பேரனின் புத்தகப்பை கிடந்தது. குடும்பத்தார் செபமாலைக்காக முழந்தாளிட்டுக்கொண்டிருந்தனர்.

நண்பர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “காவலூரில் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். பார்ப்பது நட்சத்திரத்துக்குத் தெரியாது. இத்தனை தொலைவிலிருந்து நீங்கள் உங்கள் வீட்டைப் பார்க்க முடிகிறதென்றால், ஐயா, வேறு யாரும் பார்க்கவில்லை என்று எப்படித் தெரியும்?”

காவலூர் வானாய்வு நிலையம் அதே மலையில்தான் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. அதைப் பற்றிப் பேரனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். ஆயினும் அந்த எளிய வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. கேமராவுடன் தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை நாம் மாற்றவே இல்லை என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே மாதிரியான ஆயிரம் பெட்டிகளுக்கு ஒரே சாவியைக் கொடுத்து விற்றால், அந்தச் சாவி யாரிடம்தான் இராது?

இது வீண் அச்சமன்று. 2016-ஆம் ஆண்டில் ‘மிராய்’ என்னும் கள்ள நிரல் ஒன்று, இவ்வாறு கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் உலகெங்கும் தேடித் தேடிக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு நடத்திய தாக்குதலால், அமெரிக்காவில் புகழ்பெற்ற பல இணையத் தளங்கள் சில மணி நேரம் முடங்கின. தங்கள் வீட்டுக் கேமரா அக்குற்றத்தில் பங்குகொண்டதை அதன் உரிமையாளர் பலர் அறிந்திருக்கவே வழியில்லை.

நண்பரின் வீட்டுக்கும் பூட்டில்லை. நம் வீட்டுக்கும் உண்மையில் பூட்டில்லை. ஆனால் அவர் கதவு, பெயரும் முகமும் தெரிந்த ஊருக்குத் திறந்திருந்தது. நம் கதவோ முகமறியா உலகுக்குத் திறந்து கிடந்தது.

அன்றிரவு அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தபோது, நண்பரின் தாயார் தம் வங்கிப் புத்தகத்தை எடுத்து வந்து நம் கையில் கொடுத்தார். முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் அவர் கணக்கில் சேர்கிறது. ஊர் ஊராகச் சிறு இயந்திரம் கொண்டுவரும் ஓர் ஆளிடம் பெருவிரலைப் பதித்துப் பணம் பெறுவார். ஐந்து மாதங்களுக்கு முன் ஒருநாள், “ரேகை விழவில்லை பாட்டி, இன்னொரு தடவை வையுங்கள்” என்றானாம். வைத்தார். கைக்கு வந்தது ஒரு 1,200 ரூபாய்; புத்தகத்தில் கழிந்திருந்ததோ இரண்டு. தொகை சிறிதென்பர் நகரத்தார். அம்மூதாட்டிக்கு அது ஒரு மாத எண்ணெயும் மருந்தும். வங்கிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். காலம் கடந்துவிட்டதால் பணம் திரும்பவில்லை.

“அந்தக் காலத்தில் வட்டிக்காரன் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குவான். இப்போது தாளும் இல்லை” என்றார் அவர்.

அவர் சொன்னதில் எத்துணை உண்மை! ஆதார் வழிப் பணம் எடுப்பதற்கு அட்டை வேண்டியதில்லை. இரகசிய எண்ணும் வேண்டியதில்லை. ஆதார் எண்ணும் வங்கியின் பெயரும் விரல் ரேகையும் போதும். நடக்க இயலாத முதியோருக்கு இது பேருதவி என்பதை மறுக்கமாட்டோம். இயந்திரம் கொண்டுவருவோர் அனைவரும் வஞ்சகரும் அல்லர். எனினும் பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்த ரேகைகளைப் படியெடுத்து, போலி விரல் செய்து பணம் திருடிய வழக்குகள் தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் நடந்துள்ளன. களவுபோன கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். களவுபோன ரேகையை எப்படி மாற்றுவது?

“நேர்மையாய் வாழ்பவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்பதுண்டு. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது என்பது திருச்சபையின் சட்டம். மனிதனுக்கு ஓர் அந்தரங்கம் உண்டென்பதும், அது காக்கப்பட வேண்டியதென்பதும் நமக்குப் புதிய செய்தியல்ல. நாட்டின் சட்டமும் அதை ஏற்றுள்ளது. பணி ஓய்வு பெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென ஒரு சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் சட்டப் புத்தகம் தானாக மலையேறி மூதாட்டியின் அருகில் நிற்காது. அங்கே நிற்க வேண்டியவர்கள் அண்டை வீட்டாராகிய நாமே.

செய்யத்தக்கவை அரியனவும் அல்ல. ஆதார் ஆணையம் ரேகையைப் பூட்டிவைக்கும் வசதியை அளித்துள்ளது. பணம் எடுக்கும் நாளில் திறந்து, பின்னர் மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். நகல் கேட்கும் இடத்தில், ஏற்றுக்கொள்வார்களானால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலைக் கொடுக்கலாம். கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை, எத்துணை இனிமையாய்க் கேட்பினும், எவருக்கும் சொல்லலாகாது. பணம் பறிபோனதென்று அறிந்தவுடன் 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிட வேண்டும். வெட்கப்பட்டு மௌனமாயிருந்தால் கள்வனுக்கே இலாபம். படித்த பிள்ளைகள் மாதம் ஒருமுறை தங்கள் தெருவிலுள்ள முதியோரின் வங்கிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னால், அதுவும் ஓர் அன்புப் பணியன்றோ?

வீடு திரும்பிய அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். கூடத்துக் கேமராவை அடியோடு கழற்றிவிட்டோம்; குடும்பம் செபிக்கும் இடத்துக்குக் காவல் வேண்டியதில்லை என்று தோன்றிற்று. வாசல் கேமரா மட்டும் இருக்கிறது.

சென்ற மாதம் உபதேசியார் தொலைபேசியில் பேசினார். இயந்திரக்காரர் மீண்டும் வந்து, இன்னொரு தடவை விரல் வைக்கச் சொன்னாராம். மூதாட்டி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, “முதல் தடவைக்குச் சீட்டு எங்கே, அப்பா?” என்று கேட்டாராம்.