கரை இல்லாத நெசவு

சிறுவயதில் எனக்கு வெளிநாடு என்றால் சிவப்புத் தொப்பிதான். தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வந்தால் நண்டலாறு. பாலத்தைத் தாண்டினால் காரைக்கால். அங்கே போலீஸ்காரர் தலையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சிவப்புத் தொப்பி. அவர்கள் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டார்கள். பாட்டி மட்டும் கடைசிவரை ஒப்படைக்கவில்லை; ‘பிரெஞ்சுக்காரன் ஊருக்கா போறே?’ என்றுதான் கேட்பாள். பாலத்துக்கு இருபுறமும் ஒரே நெல், ஒரே உப்புக்காற்று. அப்புறம் ஏன் தொப்பி மாறுகிறது என்று அப்பாவிடம் கேட்டால், ‘ஆத்தைக் கேளு’ என்பார்.

போன மாசியில், பல வருஷம் கழித்து, தஞ்சாவூரில் பேருந்து ஏறி அந்தப் பாலத்துக்குப் போனேன். போகத் தூண்டியது ஒரு கயிறு. அதுவும் டெல்லியில் பார்த்த கயிறு.

2015-இல் தேசிய நவீன கலைக்கூடத்தில் மிருணாளினி முகர்ஜியின் சிற்பங்களை வைத்திருந்தார்கள். சாயம் தோய்த்த சணல் கயிற்றில் கையாலேயே முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு, ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பிய உருவங்கள். யக்ஷி, ருத்ரா, வனஸ்ரீ என்று பெயர்கள். முன்கூட்டி வரைந்துகொள்வது கிடையாது, தறி கிடையாது. தாங்குவதற்கு உலோகச் சட்டம், மற்றதெல்லாம் முடிச்சு. மடிப்பு விரிந்து இதழாகிறது, இதழ் தொங்கி உதடாகிறது; செடியா சாமியா என்று தீர்மானிக்க முடியாமல் நின்றேன். கண்காட்சி திறந்த சில நாட்களில் அவர் காலமாகிவிட்டார். அந்தப் பெரிய கூடத்தில் எனக்குத் தோன்றியதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது: இது எங்கள் வீட்டுச் சேர் மாதிரி இருக்கிறதே!

சேர் என்றால் இன்றைக்கு டெல்டாப் பிள்ளைகளுக்கே தெரியாது. நெல்லைக் கொட்டிக் கொட்டி, வெளியே வைக்கோல் பிரியைச் சுற்றிச் சுற்றி உயர்த்தும் நெற்கூடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மிருணாளினிக்கு பரோடாவில் ஆசிரியராக இருந்தவர் கே.ஜி.சுப்ரமணியன். 1924-இல் வடகேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்த தமிழர். பிள்ளைப் பிராயம் மாஹேயில் கழிந்தது. அதுவும் அப்போது, காரைக்காலைப் போலவே, பிரிட்டிஷ் இந்தியாவால் சூழப்பட்ட ஒரு துண்டு பிரெஞ்சு மண். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார், 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனார், பிறகு சாந்திநிகேதன். 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தார். ஓவியரை மேலே வைத்து நெசவாளரைக் கீழே உட்காரவைக்கும் வழக்கத்தை அவர் ஏற்கவே இல்லை. எல்லையோரம் வளர்ந்ததால்தான் அப்படி என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும், நான் எழுதமாட்டேன். ஆனால் தினமும் ஒரு கோட்டைத் தாண்டிக் கத்தரிக்காய் வாங்கப் போகிற பையனுக்குக் கோடுகள் மீது பெரிய மரியாதை வராது. என்னை வைத்துச் சொல்கிறேன்.

ஆடுதுறையில் பேருந்து நின்றது. இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கியது. மகசூல் கூடியதும் பயிரின் உயரம் குறைந்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக நடந்த கதை. ஆள் மறைகிற மாப்பிள்ளைச் சம்பாவின் தாள் எங்கே, முழங்கால் தாண்டினால் பெரிசு என்கிற இன்றைய தாள் எங்கே. ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த வயல்களில் இயந்திரம் சுருட்டிப் போட்ட வைக்கோல் உருளைகள் கிடந்தன. அறுவடை இயந்திரத்தின் வாய்க்குள் போய் வந்த தாள் நொறுங்கிவிடுகிறது. அதில் பிரி விடமுடியாது.

மயிலாடுதுறையில் கூறைநாட்டுக்குள் ஒரு நடை நடந்தேன். கல்யாணக் கூறைப்புடவைக்குப் பேர்போன தெரு. பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட நெசவு. தறிச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. ஒரு கடையில் புடவையை விரித்துக் காட்டினார்கள். ‘கரையைப் பாருங்க’ என்றார் கடைக்காரர். ஆற்றுக்கும் கரை, புடவைக்கும் கரை. தறியில் நெய்தால் அகலம் முதலிலேயே முடிவாகிவிடுகிறது. ஊடை நூல் கரைவரை ஓடித் திரும்பியே ஆகவேண்டும். முடிச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கயிறு போகிற பக்கம் உருவமும் போகும்.

அங்கிருந்து சித்தப்பா வீட்டுக்கு. நண்டலாற்றுக்கு இந்தப் பக்கம். எண்பதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

‘டெல்லியில போயி சேரைப் பார்த்துட்டு வந்தியாடா?’

நல்லவேளையாக, மாட்டுக்கென்று ஒரு மூலையில் கையால் அறுத்த பாரம்பரிய ரகத்து வைக்கோல் இருந்தது. தண்ணீர் தெளித்துப் பதமாக்கினார். அவர் போர் அருகில் குந்திக்கொண்டு தாளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க, நான் குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நகரவேண்டும். முதல் பிரி நாலு முழத்தில் அறுந்தது. ‘அவசரப்படாதே. தாளு உன் கைக்கு வரட்டும்.’ இரண்டாவது, கொல்லை வேலிவரை போனது. வைக்கோல் வாசனையும் தும்மலும் சேர்ந்து வந்தன.

சேருக்கு உள்ளே சட்டம் எதுவும் கிடையாது என்பதை அன்றுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். நெல் வெளியே தள்ளுகிறது, பிரி உள்ளே இழுக்கிறது. இந்த மல்லுக்கட்டில்தான் அது நிற்கிறது. நடுவில் வயிறு பெருத்து, மேலே குறுகி, தலைக்கு வைக்கோல் கூரை. நெல்லை எடுக்க எடுக்க உருவமும் கரையும். ஆடிக்குள் வெறும் தரை. ‘சிலைன்னா நிக்கணும். இது திங்கறதுக்குக் கட்டினதுடா’ என்றார் சித்தப்பா. மிருணாளினியை அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன், சண்டையும் போட்டிருப்பார்.

சித்திக்குப் பிறந்த வீடு அக்கரையில், காரைக்கால் பக்கம். அங்கேதான் எங்கள் குடும்பத்தின் கடைசிச் சேர் இருந்ததாம். மறுநாள் போனேன். வழியில் வாய்க்காலில் கொஞ்சம் தண்ணீர். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய 7 டி.எம்.சி.யில் இது எத்தனையாவது சொட்டோ. வாசலை ஒட்டி வட்டமாக மேடு கட்டிய இடத்தைக் காட்டினார்கள். அதன்மேல் ஒரு மோட்டார் சைக்கிளும் தண்ணீர்த் தொட்டியும். தொட்டியும் உருண்டைதான், கறுப்பு பிளாஸ்டிக்.

திரும்பும்போது நண்டலாற்றுச் சோதனைச்சாவடியில் பேருந்தை நிறுத்தினார்கள். அக்கரையில் மது விலை குறைவு, அதனால் பைகளைப் பார்ப்பார்கள். என் பையில் சித்தப்பா சுருட்டிக் கொடுத்த பிரி. காவலர் அதை வெளியே எடுத்து, நடுவில் பாட்டில் எதுவும் இருக்கிறதா என்று விரல்விட்டு அழுத்திப் பார்த்தார். உதிர்ந்த தாள் என் வேட்டியெல்லாம் ஒட்டிக்கொண்டது.

‘என்ன சார் இது, கோழியை அடை வைக்கவா?’

‘ஆமாங்க’ என்றேன்.