காக்கையின் மேல் பழி போடலாமா?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த சங்கதி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடுத்தடுத்து நடந்தது என்பதற்காகக் காக்கையின் மேல் பழி போடக் கூடாது என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் குடை வியாபாரம் அமோகமாக நடக்கிறது. தவளைகளின் கச்சேரியும் காதைத் துளைக்கிறது. தவளை கத்துவதால் குடை விற்கிறது என்று யாராவது சொல்வோமா? இரண்டையும் கிளப்பி விட்டது மூன்றாவது ஆசாமியான மழை!

புள்ளி விவர நிபுணர்கள் ஓயாமல் எச்சரிப்பதும் இதைத்தான். இரண்டு விஷயங்கள் சேர்ந்து வருவது ஒன்று. ஒன்றினால் மற்றொன்று விளைவது வேறு.

ஆனால், நேயர்களே, இந்த நல்ல பாடத்தை அரைகுறையாகப் படித்தாலும் ஆபத்துத்தான். எங்கள் பத்திரிகையில் படம் போடும் நண்பர் ஒருவர் இருக்கிறார். வயது நாற்பது. பகல் சாப்பாடு ஆனதும் வெளியே போய் ஒரு சிகரெட் பிடிக்காவிட்டால் அவருக்குத் தூரிகை ஓடாது. "புற்று நோய் வருமாமே, ஸார்!" என்றால், "அதெல்லாம் காக்கையும் பனம்பழமும்தான், ஐயா!" என்று புகையை ஊதி விடுவார்.

இதே வாதத்தை ஒரு மகா மேதையும் செய்திருக்கிறார் என்பதுதான் வேடிக்கை.

1950ஆம் வருஷம் இங்கிலாந்தில் ரிச்சர்டு டால், பிராட்போர்டு ஹில் என்ற இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்று நோய் கண்ட 649 ஆண்களில் 647 பேர் புகை பிடித்தவர்கள். வேறு நோய்க்காரர்கள் 649 பேரை விசாரித்தால், அவர்களிலும் 622 பேர் பிடித்தவர்களே! ஆனால் அதிகமாக ஊதித் தள்ளியவர்கள் புற்று நோய்க்காரர்களிடையேதான் மிகுதி. மோட்டார் புகையோ, ரோட்டுத் தாரோ காரணமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்திருந்த டால், கணக்கைப் பார்த்ததும் தம் சிகரெட்டை விட்டு விட்டார்.

ஸர் ரொனால்டு ஃபிஷர் இதை ஒப்பவில்லை. நவீனப் புள்ளியியலுக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர். கையில் எப்போதும் புகைக் குழாய். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பார்த்தால்தான் உண்மைக் காரணம் தெரியும் என்று கற்பித்தவர். புகை பிடிக்கும் ஆசையையும் புற்று நோயையும் ஒரே பரம்பரைக் குணம் உண்டாக்கலாமே என்று 1957, 1958ஆம் வருஷங்களில் அவர் வாதாடினார். அதாவது, மூன்றாவது ஆசாமி!

நியாயமான கேள்விதான். ஆனால் மனிதர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியை முப்பது வருஷம் சிகரெட் பிடிக்கச் சொல்ல முடியுமா? வேறு வழியில்தான் துப்புத் துலக்க வேண்டும்.

டாலும் ஹில்லும் 1951லேயே பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதி, பழக்கத்தை முன்கூட்டியே கேட்டுக் குறித்துக் கொண்டு, பிறகு யார் யார் எதனால் இறந்தார்கள் என்று கவனித்து வந்தார்கள். சிகரெட் கூடக் கூட ஆபத்தும் கூடிற்று. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: விட்டவர்களுக்கு ஆபத்து வர வரக் குறைந்தது. பரம்பரைதான் குற்றவாளி என்றால், சிகரெட்டை வீசி எறிந்தவுடன் தாத்தா மாறி விடுவாரா?

2004ஆம் வருஷம், ஐம்பதாண்டுக் கணக்கு வெளியாயிற்று. விடாமல் பிடித்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அறுபது வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது. ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு. நாற்பதில் விட்டவர்களுக்கு ஒன்பது. நம் ஓவிய நண்பரின் வயதை மறுபடி நினைத்துப் பாருங்கள்!

ஆகவே, காக்கையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். பின்னால் மழை ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஆனால், காக்கை வந்த பிறகே பழம் விழுந்து, காக்கைகள் பெருகப் பெருகப் பழங்களும் பெருகி, காக்கையை விரட்டியதும் விழுவது குறைந்தால், பழமொழி சொல்லிக் கொண்டு மரத்தடியிலேயே நிற்க வேண்டாம். தலையை நகர்த்திக் கொள்ளுங்கள்!