பாடத்தில் இல்லாத சொல்

என் பேத்தி எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். அரைப் பரீக்ஷையில் விஞ்ஞானத்தில் அவள் வாங்கிய மார்க்கை நான் இங்கே வெளியிடப் போவதில்லை. அது எங்கள் குடும்ப ரகசியம். ஆனால் அவளுடைய விடைத்தாளில் ஓரிடத்தில் அரைப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேள்வி இதுதான்: "தாவரங்களில் நீராவிப்போக்கைப் பாதிக்கும் காரணிகளை விளக்குக." ஐந்து மார்க்கு!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் மொட்டை மாடியிலுள்ள மல்லிகைத் தொட்டிகளுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுகிறவள் இந்தப் பெண்தான். வெயில் காய்ந்தால் இரண்டு குடம், அதோடு காற்றும் வீசினால் இன்னும் ஒரு செம்பு, மழை மூட்டமாயிருந்தால் ஒன்றுமே வேண்டாம் என்று எனக்கே பாடம் சொன்னவள். அவள் சொன்ன அந்தக் கணக்கை அப்படியே எழுதியிருந்தால் நாலு மார்க்காவது வந்திராதா?

"நீராவிப்போக்கு எனக்குத் தெரியும், தாத்தா! இலையிலிருந்து தண்ணீர் ஆவியாய்ப் போவது. ஆனால் காரணி என்று பாடத்தில் ஒன்றும் இல்லையே? இலைத்துளை மாதிரி அதுவும் இலையில் இருக்கிற ஏதோ ஓர் உறுப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள்.

இதோடு அவள் நிறுத்தியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். "எனக்கு ஸயன்ஸ் வராது, தாத்தா. அதெல்லாம் புத்திசாலிகளுக்கு" என்று முடித்தாளே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. பதின்மூன்று வயதுக் குழந்தை, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைத் தெரியாதென்று தீர்மானித்துவிட்டாள். ஒரே ஒரு சொல் குறுக்கே நின்றதுதான் அதற்குக் காரணம்.

அமெரிக்காவில் ஐஸபெல் பெக் என்னும் அம்மையாரும் அவருடைய தோழியர் இருவரும் 2002-ல் ஒரு நூல் எழுதினார்கள். பள்ளிக் குழந்தைகள் எதிர்ப்படும் சொற்களை அவர்கள் மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். வீட்டிலே தானாக வந்துவிடும் சொற்கள் முதல் வகுப்பு. ஒரு சாஸ்திரத்துக்கே உரிய சொற்கள் மூன்றாம் வகுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவில், எல்லாப் பாடங்களிலும் நடமாடிக்கொண்டு எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாத சொற்கள் இருக்கின்றன. கவனித்துக் கற்பிக்க வேண்டியவை முக்கியமாக இந்த நடுச் சொற்களே என்பது அவர்கள் கட்சி. இங்கிலீஷைப் பற்றி எழுதியதுதான். ஆனால் என் பேத்தியின் விடைத்தாளைப் பார்த்து எழுதியது போலவே எனக்குத் தோன்றிற்று.

நீராவிப்போக்கு என்ற சொல்லை உபாத்தியாயர் கரும்பலகையில் எழுதிக் கோடும் இட்டு விளக்குகிறார். காரணி, விளைவு, ஒப்பிடுக, வேறுபடுத்துக, முறையே, எனில் - இவற்றை யார் விளக்குகிறார்கள்? தமிழ்தானே, குழந்தைக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிடுகிறோம். "கண்ணன், முருகன் ஆகியோரின் வயது முறையே 12, 15 எனில் விகிதம் என்ன?" என்ற கணக்கைப் பார்த்து, "முறைப்படி இவ்வளவு என்றால், முறை தவறினால் எவ்வளவு, தாத்தா?" என்று இவள் ஒரு தடவை கேட்டாள். நான் அதை ஹாஸ்யம் என்று நினைத்துச் சிரித்தேன். பாவம், அவள் உண்மையாகவே கேட்டிருக்கிறாள்!

இன்னும் சில சொற்கள் வீட்டில் ஒரு பொருளும் புத்தகத்தில் வேறு பொருளுமாகக் குழந்தையைத் திண்டாட வைக்கின்றன. கடைக்காரருக்கு எடைதான் உண்டு; பெளதிகத்தில் நிறை வேறு, எடை வேறு. ஆற்றல், திறன், விசை மூன்றும் நமக்கு ஏறக்குறைய ஒன்றே. அங்கே மூன்றும் மூன்று. தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கும் ஸ்திரீ ஒரு வேலையும் செய்யவில்லை என்று பாடம் சொல்கிறது. இதை என் மனைவியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

சாஸ்திரச் சொற்களுக்காக நம் நாட்டில் பாடுபட்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 1847-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்த டாக்டர் கிரீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1916-ல் ராஜாஜி விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே நண்பர்களோடு ஒரு சங்கம் கண்டார். பிராணவாயுவா, ஆக்ஸிஜனா என்று நடந்த வாதங்களும் அவசியமானவையே. அந்தப் பெரியவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். வாசற்படியில் கிடக்கும் இந்தச் சில்லறைச் சொற்களை அப்புறப்படுத்துவது வீட்டிலுள்ளவர்கள் வேலை என்றே எனக்குப் படுகிறது.

ஆகவே நானும் ஆரம்பித்தேன். முதலில் அகராதியை எடுத்துப் பொருள் எழுதச் சொன்னேன். அது சுத்தத் தோல்வி. மறுநாளே மறந்துவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போனோம். அன்று ரசம் உப்புக் கரித்தது. "இதற்குக் காரணம் என்ன?" என்று கேட்டேன். "பாட்டி இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்" என்றாள். "சரி, எந்த நாளிலும் ரசத்தின் ருசியைக் கூட்டிக் குறைக்கக் கூடியவை எவை?" புளி, உப்பு, பருப்புத் தண்ணீர், கொதிக்கும் நேரம் என்று விரல் விட்டு எண்ணினாள். "அவைதான் காரணிகள்" என்றேன். "இவ்வளவுதானா!" என்றாள். அந்த "இவ்வளவுதானா"வில் இருந்த ஆத்திரத்தை நான் எழுத்தில் காட்ட முடியாது.

அதன் பிறகு வாரத்துக்கு மூன்று சொல் என்று வைத்துக்கொண்டோம். அதற்கு மேல் போனால் தங்குவதில்லை. பொருள் எழுதுவது கிடையாது. அந்த வாரம் முழுவதும் வீட்டில் யாராவது பேச்சில் அந்தச் சொல்லை வேறு வேறு இடங்களில் வழங்க வேண்டும். வழங்குகிறவருக்கு ஒரு புள்ளி. பஸ் தாமதமாவதற்குக் காரணிகள் கண்டோம். பாட்டியின் காபியையும் ஓட்டல் காபியையும் ஒப்பிட்டோம். வேறுபடுத்தும் பொறுப்பை மட்டும் நான் ஏற்கவில்லை.

முழுப் பரீக்ஷைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நேற்று இரவு சாப்பிடும்போது எனக்கு இன்னொரு கரண்டி பாயஸம் விடப் போன பாட்டியை அவள் தடுத்தாள். "பாட்டி, தாத்தாவுக்கும் உனக்கும் முறையே சர்க்கரையும் உப்பும் ஆகாது" என்றாள்.

கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிப் போயிற்று. அவளுக்கு ஒரு புள்ளி கொடுத்தேன்.