ஒரே ஓட்டில் இரு மணிகள்



ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுத அமரும்போதெல்லாம் தமிழ்ச் சான்றோர் ஒருவரைப் பற்றியோ நல்லொழுக்கம் ஒன்றைப் பற்றியோ எழுதுவது நம் வழக்கம். இவ்வாண்டு ஜப்பான் நாட்டில் பிறந்து, இசையால் புகழ்பெற்று, மறைந்த இரட்டைச் சகோதரியர் இருவரின் வரலாற்றை எழுதத் துணிந்துள்ளோம். தமிழ்ப்பள்ளி மலரில் ஜப்பானியப் பாடகியருக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். வினவுவோர் இறுதி வரை பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

இரு கை தட்டினால்தான் ஓசை எழும் என்பது நம் முன்னோர் மொழி. அவ்விரு கைகளுள் எந்தக் கை உயர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் வகையில் மட்டும் அவ்வினாவை நாம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கின்றோம். அதனை எண்ணிப் பார்ப்பதற்கே இவ்வரலாறு.

1941ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் இத்தோ குடும்பத்தில் இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். மூத்தவள் ஹிதேயோ, இளையவள் சுகிகோ. முதற் பெயரை எழுதும் எழுத்துகளில் எழுகின்ற ஞாயிறு இருக்கின்றது. இரண்டாம் பெயரில் திங்கள் இருக்கின்றது. பின்னாளில் உலகம் இவர்களை எமி என்றும் யுமி என்றும் அறிந்தது.

1941 என்றதும் நம் தோட்டத்துக் குடும்பங்களில் வேறொரு நினைவு எழும். அவ்வாண்டு திசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. அதன்பின் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சென்றவருள் பலர் திரும்பவில்லை. ஜப்பான் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்ட மூதாட்டியரை நாம் இளமையில் கண்டிருக்கின்றோம். அவர்களின் துயரம் உண்மையானது. அதனை மறக்குமாறு எவரையும் கேட்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் படைகள் இங்கே கரையிறங்கிய நாளில் இவ்விரு குழந்தைகளும் எட்டு மாதப் பச்சிளங் குழவிகள். அரசர் செய்த போருக்குத் தொட்டிலில் கிடந்தோர் பொறுப்பாக மாட்டார். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

இருவரும் வளர்ந்தது நகோயா நகரில். போருக்குப் பிந்திய ஜப்பானில் அமெரிக்க இசை ஊரெங்கும் ஒலித்த காலம் அது. பள்ளிப் பருவத்திலேயே இருவரும் சேர்ந்து 'இத்தோ சகோதரியர்' என்ற பெயரில் பாடி வந்தனர். அவர்களின் குரலைக் கேட்ட வத்தனாபே ஷின் என்னும் கலை நிறுவன உரிமையாளர், 1958ஆம் ஆண்டில் அவர்களைத் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்று, தம் இல்லத்திலேயே தங்க வைத்தார். மியாகவா ஹிரோஷி என்னும் இளம் இசையமைப்பாளர் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

மேடைக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா? 'பீனட்ஸ்' என்று பெயர் சூட்டினர். நிலக்கடலை என்பது அதன் பொருள். ஓர் ஓட்டை உடைத்தால் உள்ளே ஒன்றுபோல் இரு மணிகள் இருக்குமே, அதுபோன்றவர் இவர் என்பது கருத்து. திருவிழாக் கடையில் கடலை வாங்கித் தின்னும் நம் மாணவர்களுக்கு இப்பெயரின் நயத்தை விளக்க வேண்டியதில்லை.

1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. சிட்னி பெச்சே என்னும் அமெரிக்க இசைக்கலைஞரின் மெட்டுக்கு ஜப்பானியச் சொற்கள் அமைத்த பாடல் அது. அதே மாதத்தில் ஜப்பானியப் பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்தது. அதனைக் காணும் ஆவலில் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டிகளை வாங்கிக் குவித்தனர். இவ்வாறு புதிதாகப் பெட்டி புகுந்த வீடுகளிலெல்லாம் இவ்விரு சகோதரியரும் நுழைந்தனர். ஆண்டின் இறுதி இரவில் ஜப்பானியக் குடும்பங்கள் ஒன்றாக அமர்ந்து காணும் என்.எச்.கே. பாட்டு விழாவில் 1959 முதல் 1974 வரை தொடர்ந்து 16 முறை பாடினர்.

1961 சூன் மாதம் முதல் 1972 அக்டோபர் வரை ஞாயிறு மாலைதோறும் 'சவர்க்காரக் குமிழி விடுமுறை' என்ற அரைமணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர்கள் தோன்றினர். நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தது ஒரு சவர்க்கார நிறுவனம், அதனால் அப்பெயர். பாட்டும் நகைச்சுவையும் கலந்த அந்நிகழ்ச்சியில் ஒரு காட்சி அடிக்கடி வரும். நோயுற்ற ஏழைத் தந்தை பாயில் படுத்திருப்பார். மகள்கள் இருவரும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவர். தந்தை நெகிழ்ந்து பேசுவார். கண்ணீர் பெருகும் வேளையில் யாரேனும் குறுக்கே புகுந்து சிரிக்க வைப்பர். ஏழைக் குடிசையின் கஞ்சிக்கு எந்நாட்டிலும் ஒரே மணந்தான் போலும்.

மாணவச் செல்வங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டில் 'மொத்திரா' என்ற திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் ஹோண்டா இஷிரோ. அணுகுண்டுச் சோதனையால் கேடுற்ற தீவு ஒன்றில், ஓர் அடி உயரமே உடைய இரு சிறு பெண்கள் வாழ்கின்றனர். பேராசை பிடித்த ஒருவன் அவர்களைக் கவர்ந்து சென்று, கூண்டில் அடைத்து, தோக்கியோ மேடையில் காட்டிப் பணம் ஈட்டுகின்றான். அவர்கள் தங்கள் தீவின் காவல் தெய்வமாகிய பேரந்துப்பூச்சியை நினைந்து பாடுகின்றனர். அது முட்டையை விட்டுப் புழுவாக வெளிவந்து, கடலை நீந்திக் கடந்து, தோக்கியோ கோபுரத்தில் கூடு கட்டி, இறக்கை விரித்து அவர்களை மீட்க வருகின்றது. அச்சிறு பெண்களாக நடித்தவர்கள் எமியும் யுமியுமே.

அவர்கள் பாடும் அழைப்புப் பாடலின் மெட்டை அமைத்தவர் கொசேக்கி யூஜி. பாடலின் சொற்களோ ஜப்பானிய மொழியில் இல்லை. மலாய்க்கு உடன்பிறப்பான இந்தோனேசிய மொழியில் அமைந்தவை! தென்கடல் தீவினரின் பாட்டு என்பதால் அவ்வாறு அமைத்தனர். ஜப்பானியர் ஒருவருக்கும் விளங்காத அச்சொற்களுள் சில, தேசிய மொழி பயிலும் நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைக்கு விளங்கும். அப்படத்தை முதன்முதலாகக் கண்டபோது, அந்நியக் குரலில் பழகிய சொற்கள் செவியில் விழ, நாம் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டோம். அந்த மெட்டு 2019இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படம் ஒன்றிலும் மீண்டும் ஒலித்தது.

அவர்களின் புகழ் கடல் கடந்தது. செருமானிய மொழியிலும் பாடி இசைத்தட்டு வெளியிட்டனர். 1966இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடினர். மியாகவா இசையமைத்து 1963இல் வெளிவந்த 'காதல் விடுமுறை' என்ற பாடல் சோவியத் நாட்டிலும் பரவி, உருசிய மொழியிலும் பாடப்பட்டது.

இனி, நாம் சொல்ல வந்த செய்திக்கு வருவோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் பயின்ற நாளில், இசை கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் இச்சகோதரியரின் பாடலை ஒலிநாடாவில் போட்டுக் காட்டி, "எத்தனை பேர் பாடுகின்றனர்?" என்று வினவினார். ஒருவர் என்றனர் பாதிப் பேர். இருவர் என்றனர் மீதிப் பேர். பிறகு அவர் விளக்கினார். ஒரே கருவில் தோன்றிய இரட்டையராதலின் தொண்டையின் அமைப்பும் குரலின் நிறமும் ஏறத்தாழ ஒன்றே. மூச்சை இழுக்கும் நொடியும் சொல்லை முடிக்கும் நொடியும் ஒன்றாகும்படி பயின்றிருந்தனர். ஆயினும் இருவரும் ஒரே சுரத்தைப் பாடவில்லை. தங்கை யுமி மெட்டைப் பாடினாள். அக்காள் எமி அதற்குக் கீழே நின்று, துணைக்குரல் பாடினாள். பாட்டைக் கேட்டவர் வீட்டுக்குச் சென்று முணுமுணுத்தது தங்கை பாடிய மெட்டை. அக்காள் பாடிய பகுதியைத் தனியே முணுமுணுத்தவர் அரியர். ஆனால் அப்பகுதியை நீக்கிவிட்டால் பாட்டு வற்றிய ஆறு போலாகிவிடும்.

நம் கோயில் திருவிழாவில் நாதசுவரக் கலைஞருக்கு அருகே ஒருவர் ஒத்து ஊதுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரே சுரத்தை இடைவிடாது பிடித்துக்கொண்டு, கன்னம் புடைக்க அவர் நிற்பார். மாலையும் சால்வையும் அவருக்கு வருவது அரிது. 'ஒத்து ஊதுகிறவன்' என்று ஏளனச் சொல்லாகவே அதனை ஆக்கிவிட்டோம். அவர் ஒருமுறை மூச்சு விட மறந்தால் தெரியும், அவர் அருமை. எமியின் பணி இதனினும் கடினமானது. மெட்டு ஏறும்போதும் இறங்கும்போதும், தானும் ஏறி இறங்கி, அதனை முந்தாமலும் பிந்தாமலும், அதில் கரைந்தும் விடாமல் பாட வேண்டும்.

மற்றொரு செய்தியும் உண்டு. எமிக்குக் கண்ணருகே ஒரு மச்சம் இருந்தது, யுமிக்கு இல்லை. காண்போர் வேறுபாடு அறியாதிருக்க, யுமி தன் முகத்திலும் மச்சம் ஒன்றைத் தீட்டிக்கொண்டு மேடையேறினாள். புறத்தோற்றத்தில் வேறுபாட்டை மறைத்தனர். பணியிலோ அவரவர்க்கு உரிய வேறுபாட்டைக் காத்தனர். நாமோ தலைகீழாகச் செய்கின்றோம். பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே பணியைக் கொடுத்துவிட்டு, யார் மேல் யார் கீழ் என்று அளந்துகொண்டிருக்கின்றோம்.

தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில் நம் அறைக்கு ஒரு தந்தை வந்தார். செம்பனைக் காட்டில் குலை வெட்டும் தொழிலாளி. மகனும் மகளும் இருபுறமும் நின்றனர். இரண்டு அறிக்கைகளையும் மேசை மீது வைத்து, "சார், ரெண்டு பேருக்கும் டியூஷன் வைக்க நம்ம சம்பளம் பத்தாது. மக எப்படியும் தேறிருவா. இவன் தேறமாட்டான். மகளுக்கு மட்டும் வச்சிரலாமா?" என்று கேட்டார். அவர் கேட்டது கொடுமையால் அன்று, வறுமையால். ஆயினும் அச்சொல் விழுந்தபோது சிறுவனின் பார்வை தரையைத் தவிர வேறெங்கும் செல்லவில்லை.

அத்தந்தைக்கு நாம் சொன்னது இதுதான்: "ஐயா, பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பது உங்கள் உரிமை. ஆனால் தேறமாட்டான் என்ற சொல்லை அவன் காதில் விழ வைக்காதீர்கள். பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்தியைக் காலைதோறும் தவறாமல் கவனிப்பவன் அவன். பழுதான குழாயைத் திருத்தியவனும் அவனே. அவன் குரல் வேறு சுரத்தில் இருக்கின்றது." இருவருக்கும் பள்ளியிலேயே மாலை வகுப்பில் இடம் கொடுத்தோம். அவர் சென்ற பின்னும் அச்சிறுவனின் முகம் நம் கண்ணை விட்டு அகலவில்லை. அவனுக்காகவும் அவன்போன்ற பிற பிள்ளைகளுக்காகவும் இதனை எழுதுகின்றோம்.

சகோதரியரின் வாழ்வில் எஞ்சிய பகுதியையும் சொல்லிவிடுவோம். 1975ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அவர்கள் விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தி, தோக்கியோவின் என்.எச்.கே. மண்டபத்தில் பாடிவிட்டு, மேடையைத் துறந்தனர். அப்போது வயது 34. குரல் தளரவில்லை, கூட்டமும் குறையவில்லை. எமி அவ்வாண்டே சவாதா கெஞ்சி என்னும் பாடகரை மணந்தார். பின்னாளில் அம்மணம் முறிந்தது. அதன் பிறகு நெடுங்காலம் வாழ்ந்தும் இருவருள் ஒருவரேனும் மீண்டும் பாடகியாக மேடை ஏறவில்லை. தங்கைக்கு மெட்டு தெரியும். தனியே பாடிப் பொருளீட்டியிருக்கலாம். பாடவில்லை. பாதிக் கடலையை முழுக் கடலை என்று விற்க அவர்கள் விரும்பவில்லை என்றே நாம் கருதுகின்றோம். 2012 சூன் 15ஆம் நாள் எமி தம் 71ஆம் வயதில் மறைந்தார். 2016 மே 18ஆம் நாள் யுமி தம் 75ஆம் வயதில் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் அண்ணனோ தங்கையோ உங்களினும் மிக்க புள்ளிகள் பெற்றால் உள்ளம் சோராதீர்கள். உங்களுக்கு உரிய சுரத்தைத் தேடுங்கள். கிடைத்ததைப் பிசகாமல் பிடியுங்கள். முதலிடம் பெறும் பிள்ளைகளே! உங்கள் மெட்டுக்குக் கீழே யாரோ ஒருவர் துணைக்குரல் பாடிக்கொண்டிருக்கின்றார் என்பதை மறவாதீர்கள்.

பெற்றோர்களே! இருள் விலகும் முன் எழுந்து, பனியில் நனைந்து, பால் வெட்டியும் குலை சுமந்தும் உழைக்கின்றீர்கள். பரிசளிப்பு விழாவில் மேடையேறுவது உங்கள் பிள்ளை, கைதட்டலும் பிள்ளைக்கே. அப்பாட்டின் கீழ்க்குரல் நீங்கள் அல்லவா? துணைக்குரலின் அருமையை உங்களைவிட அறிந்தவர் எவர்? ஆதலால் உங்கள் வீட்டில் மெல்ல ஒலிக்கும் பிள்ளையின் குரலுக்கும் ஒருமுறை செவி சாயுங்கள்.

அனைவருக்கும் நம் உளமார்ந்த வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்