பெயரும் ஏவலும்

1969ஆம் ஆண்டு பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை, கோப்புகளுக்குப் பெயரிடுவதில் பெருந்தாராளம் காட்டியது. சாய்கோடும் பூச்சியப் பெறுமதியுள்ள குறியும் மாத்திரமே விலக்கப்பட்டன. இடைவெளி, உடுக்குறி, மேற்கோட்குறி யாவும் பெயருள் அமையலாம். ஆயின், கட்டளைகளை வாசிக்கும் ஷெல்லுக்கோ இவை ஒவ்வொன்றும் தனிப்பொருள் உடையன. இடைவெளி கண்டவிடத்து அது சொல்லைப் பிரிக்கும். உடுக்குறி கண்டால் அவ்விடத்துள்ள கோப்புகள் அனைத்தையும் அழைக்கும். பிரிமொழிச் சிலேடை பயின்றோர்க்கு இது புதிதன்று. சிலேடையில் இரு பொருளும் இன்பந் தரும் என்பதே வேறுபாடு.

இதற்குப் பரிகாரம் எளிது. பெயரை மேற்கோட்குறிகளுள் அடைக்கலாம். அல்லது சிறப்புக்குறியின் முன்னே பின்சாய்கோடு இடலாம். அடுத்து வருவது வெறும் எழுத்தே, ஏவலன்று என்பது அக்கோட்டின் பொருள்.

இச்சிறு குறி விடுபட்டதன் விளைவு 2001 நவம்பரில் வெளிப்பட்டது. மக்கின்ரொஷ் கணினி அவ்வாண்டுதான் யுனிக்ஸ் அடித்தளத்துக்கு மாறியிருந்தது. அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐரியூன்ஸ் இரண்டாம் பதிப்பின் நிறுவற் கட்டளைக்கோவையில், பழைய பதிப்பை அழிக்கும் வரி ஒன்று இருந்தது. வட்டின் பெயரைத் தாங்கிய மாறியைச் சுற்றி அவ்வரியில் மேற்கோட்குறி இல்லை. ஒருவரிடம் 'இசை' என்றும் 'இசை பழையது' என்றும் இரு வட்டுகள் இருந்தனவாகக் கொள்வோம். இரண்டாவதில் நிறுவ முற்பட்டால், இடைவெளியில் பெயர் முறிந்து, 'இசை' என்னும் வட்டு முழுவதையும் அழிக்குமாறு கட்டளை பிறக்கும். அக்கட்டளை ஒப்புதல் கேட்பதில்லை. அழித்ததை மீட்டுத் தருவதுமில்லை. கோப்புகளை இழந்தோர் சிலர். அப்பதிப்பு விரைவில் மீளப்பெறப்பட்டது. மேற்கோட்குறி இரண்டு சேர்த்ததே திருத்தம்.

பெயர்களில் இடைவெளி விடாதீர் என்று அறிவுறுத்துவோர் இன்றும் உளர். இது பழியைப் பெயரிட்டவர் மீது சுமத்துவதாகும். மக்கின்ரொஷ் பயனாளர் நெடுங்காலமாக இடைவெளியுடனேயே பெயரிட்டு வந்தனர். அவர்கள் எவ்விதியையும் மீறவில்லை. யுனிக்ஸ் வல்லுநர் தமக்குள் இடைவெளியைத் தவிர்த்து வந்த வழக்கமே கட்டளைக்கோவைகளின் குறையை நெடுநாள் மறைத்தது எனலாம். பிறர் இட்ட பெயரைக் கையாள்பவனுக்கே காப்புக் கடமை உரியது.

அக்கடமையும் மேற்கோட்குறியோடு முடிவதில்லை. சிறுகோட்டில் தொடங்கும் பெயரை எத்துணை அடைத்தாலும் அழிக்கும் கட்டளை அதனைத் தனக்கிட்ட தெரிவு என்றே கொள்ளும். புள்ளியும் சாய்கோடும் முன்னிட்டு, இவ்விடத்துக் கோப்பு எனச் சுட்டினால் அது பெயராகும்.