கரையின் குரல்

கல்லூரித் தாயின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு கேட்கப்பட்டபொழுது, எழுதத்தக்க சாதனை எதுவும் நம்மிடம் இல்லையென்பது உடனே புலனாயிற்று. ஆனால் நாம் செய்த பிழையொன்று உண்டு. அது இளம் மாணாக்கருக்குப் பயன்படக்கூடுமாதலால் அதனையே எழுதத் துணிந்தோம்.

2009இல் யுத்தம் ஓய்ந்து, கடற்றடைகள் படிப்படியாகத் தளர்ந்த காலம் அது. உத்தியோக நிமித்தம் மன்னார்க் கரையில், வங்காலைக்குத் தெற்கேயுள்ள ஊரொன்றில் வசித்தோம். படகுகளோடு பேசுதற்கென அங்கு அமைந்த சிறு வானொலி நிலையத்தைப் பார்க்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு தனுஷ்கோடியை அழித்து, புகைவண்டியொன்றைப் பயணிகளோடு கடலுக்கு இரையாக்கிய புயலை இக்கரையின் முதியோர் மறந்திலர். கரையிலிருந்து ஒரு குரல் கேட்பது எத்துணைப் பெரிய துணை என்பதை அவர்கள் நமக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் முதிய சம்மாட்டியார் ஒருவர் வந்து, "தம்பி, நீங்கள் பலமாய்த்தான் பேசுறீங்கள்; சொல்லுத்தான் விளங்குதில்லை" என்றார். அவரை மதித்தோம், அவர் சொல்லை மதித்திலோம். மைக்கின் அளவை இன்னும் கூட்டி, வாயை அதனருகே வைத்து உரக்கப் பேசினோம்.

சில நாட்களின் பின், வாடைக் காற்று வீசிய ஓர் இரவில், இயந்திரம் பழுதான படகொன்று நம்மை அழைத்தது. மூவர் இருந்தனர். எட்டுப் பாகத் தண்ணீரில் நங்கூரமிட்டிருப்பதாகக் கூறினர். உதவிக்குச் சென்ற படகுக்கு அதனை அறிவித்தோம். நம் "எட்டு" அவர்கள் காதில் "பத்து" என விழுந்தது! ஆழத்தை நோக்கிச் சென்று தேடிக் களைத்தனர். விடியும்வேளையிலேதான் அம்மூவரும் கிடைத்தனர். அவ்விரவில் நாம் பட்ட வேதனையை எழுத்தில் வடிக்க இயலாது.

மறுநாள் கருவியை ஆராய்ந்தோம். மேசை மைக்கினுள்ளேயே ஒலியைப் பெருக்கும் அமைப்பு ஒன்று இருந்தது. நிலையக் கருவியோ, மெல்லிய மைக் ஒலிக்கென ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. பெருக்கிய ஒலியை அது மீண்டும் பெருக்கிற்று. 25 கிலோஹேர்ட்ஸ் அகலமான கடல் வாய்க்காலில் அலையெண் இருபுறமும் 5 கிலோஹேர்ட்ஸ் வரையே அசையலாம். அதற்குமேல் எழும் குரலின் முகடுகளைக் கருவி வெட்டிவிடும். மெய்யெழுத்துக்கள் சிதைய, இரைச்சலே எஞ்சும்.

ஆகவே மேசை மைக்குக்குரிய உள்ளீட்டைத் தெரிந்தோம். பயன்படாத பின்புற உள்ளீட்டை அடைத்தோம். அளவை முற்றாகக் குறைத்தோம். சம்மாட்டியாரைத் தூரத்துப் படகொன்றில் கேட்கச் செய்து, அழைப்புக்கும் ஆபத்துக்குமுரிய 16ஆம் வாய்க்காலை விட்டு வேறொன்றில், ஒரு சாண் தள்ளியிருந்து இயல்பாக எண்களைச் சொன்னோம். சிறிது சிறிதாக அளவைக் கூட்டினோம். "இப்ப எட்டு எட்டாய்க் கேக்குது" என்று அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினோம். அன்றுமுதல் எண் எதனையும் இருமுறை சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் செய்வதையும் வழக்கமாக்கினோம்.

இவ்வகைக் கருவியில் உரத்த குரல் தூரம் போவதில்லை. தூரத்தைத் தருவது பெரும்பாலும் அன்ரெனாவின் உயரமே. கரையில் 25 மீற்றரும் படகில் 4 மீற்றரும் இருப்பின் ஏறக்குறைய 29 கிலோமீற்றர் வரை எட்டலாம். கத்தினாலும் ஒரு முழம் கூடாது.

இது நமக்குப் புதிய பாடமன்று. கல்லூரி விவாத மேடையில் நாம் முழங்கியபொழுதெல்லாம், நம் ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து, "உரக்க வேண்டாம்; விளங்கச் சொல்" என்பார். அன்று அது பேச்சுக்கலை என்றெண்ணினோம். மூன்று உயிர்கள் அதில் தங்கியிருக்கக்கூடும் என்பதை மன்னார்க் கடலே நமக்கு உணர்த்திற்று.